பருப்பு வேகாத வீடு

போன மாதம் ஒரு நாள், காலை பத்து மணி இருக்கும். கழுத்தில் டை கட்டிய ஒரு தம்பி கையில் பெட்டியோடு வாசலில் நின்றார். "சார், ஃப்ரீயா உங்க தண்ணிய டெஸ்ட் பண்ணித் தரோம். அஞ்சே நிமிஷம்" என்றார். வெயிலில் வந்திருக்கிறாரே என்று உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தேன். சமையலறைக் குழாயில் ஒரு டம்ளர் தண்ணீர் பிடித்து வரச் சொன்னார். பேனா மாதிரி ஒரு கருவியை அதில் நுழைத்தார். 310 என்று எண் வந்தது. தம்பியின் முகம் ஸ்கேன் ரிப்போர்ட்டைப் பார்க்கும் டாக்டரின் முகம் மாதிரி ஆகிவிட்டது.

"முந்நூத்திப் பத்து சார். ரொம்ப ஹார்ட் வாட்டர். இதைக் குடிச்சா கிட்னி போயிடும்" என்றார்.

என் மனைவி கூடத்தில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். சிரிப்பை அடக்குகிறாள் என்பது எனக்கு மட்டும் தெரிந்தது. அவள் ஏன் சிரித்தாள் என்று சொல்ல வேண்டுமானால் 1983-க்குப் போக வேண்டும்.

அதுவரை நாங்கள் புதுச்சேரியில் புல்வாருக்குள் ஒரு வாடகை வீட்டில் இருந்தோம். முனிசிபல் குழாய்த் தண்ணீர்தான். நான் குமாஸ்தா. சேமநிதியில் கடன் போட்டு, மனைவியின் இரண்டு வளையலையும் வைத்து, முத்தியால்பேட்டையைத் தாண்டிக் கடல் பக்கமாக ஒரு மனை வாங்கி, இரண்டு அறையும் ஒரு கூடமுமாகக் கட்டினேன். அந்தத் தெருவுக்கு அப்போது முனிசிபல் குழாய் வரவில்லை. போர் போட்டு அடி பம்பு வைத்தோம். முதல் நாள் தண்ணீர் வந்தபோது மேஸ்திரி கையில் பிடித்துப் பார்த்து, "கண்ணாடி மாதிரி இருக்குதுங்க" என்றார். உண்மைதான். கலங்கல் இல்லை, வாடை இல்லை. வாயில் வைத்தால் லேசாகக் கரித்தது. அவ்வளவுதான்.

கிருகப்பிரவேசம் முடிந்த ஒரு வாரத்தில் வீட்டில் சண்டை ஆரம்பித்தது. பருப்பு வேகவில்லை.

பழைய வீட்டில் அரை மணி நேரத்தில் குழைந்த துவரம் பருப்பு, புது வீட்டில் ஒரு மணி நேரம் கொதித்தும் முத்து முத்தாக நின்றது. கடைந்தால் மத்தில் ஒட்டாமல் ஓடியது. அம்மாவுக்குப் பல் இல்லை. பருப்பு குழைந்திருந்தால்தான் இரண்டு வாய் சாப்பிடுவார்கள். ரேஷன் மண்ணெண்ணெய் மாதம் முழுக்க வந்த வீட்டில், இருபதாம் தேதிக்கே டின் காலி ஆனது. பார் சோப்பு கரைந்ததே தவிர நுரை வரவில்லை. என் வெள்ளைச் சட்டைகள் சாம்பல் நிறமாயின. அண்டாவின் உள்பக்கம் வெள்ளையாக ஒரு பொருக்குக் கட்டியது.

அம்மா இதற்கெல்லாம் ஒரே காரணம் கண்டுபிடித்தார்கள். "வாடகை வீட்டுல இருந்தவரைக்கும் ஒழுங்காத்தான் சமைச்சா. சொந்த வீட்டுக்காரி ஆயிட்டா இல்ல, அலட்சியம் வந்துடுச்சு" என்றார்கள். என் மனைவி ஒருமுறை, ஒரே ஒருமுறை, "தண்ணி சரியில்லை அத்தை" என்று சொன்னாள். அம்மாவிடம் அதற்குப் பழமொழி தயாராக இருந்தது: "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்." அன்றோடு அவள் தண்ணீரைப் பற்றிப் பேசுவதை நிறுத்திவிட்டாள்.

நான் என்ன செய்தேன் என்று கேட்பீர்கள். ஒன்றும் செய்யவில்லை. சாப்பிட்டு முடித்து எழுந்து கை கழுவினேன். மாமியார் மருமகள் விஷயத்தில் தலையிடாமல் இருப்பதைப் பெரிய விவேகம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஒருநாள் மட்டும் வாய் திறந்தேன். "கொஞ்சம் கவனமாத்தான் செய்யேன்" என்றேன். அவளிடம்.

இதில் வெட்கப்பட வேண்டிய விஷயம் என்னவென்றால், பதில் எனக்குத் தெரியும். பதினாலு வயதிலேயே தெரியும்.

நான் பிரெஞ்சு வழியில் படித்தவன். 1954-இல் நிர்வாகம் கைமாறி, 1962-இல் சட்டப்படி இந்தியாவோடு இணைந்த பிறகும் நம் ஊரில் பிரெஞ்சு வழிப் படிப்பு தொடர்ந்தது. ப்ரவே வரை எனக்கு விஞ்ஞானம், கணக்கு, பூகோளம் எல்லாம் அந்த மொழியில்தான். ஒருநாள் விஞ்ஞான முசே இரண்டு கண்ணாடிக் குப்பிகளைக் கொண்டுவந்தார். ஒன்றில் பிடித்து வைத்த மழைத் தண்ணீர், மற்றதில் அவர் வீட்டுக் கிணற்றுத் தண்ணீர். சாராயத்தில் கரைத்த சோப்பைச் சொட்டுச் சொட்டாக விட்டு மூடிக் குலுக்கினார். மழைத் தண்ணீர் சில சொட்டிலேயே நுரை கட்டியது. கிணற்றுத் தண்ணீரோ பால் மாதிரி வெளுத்து, தயிர்த் துணுக்குப்போலத் திரிந்ததே தவிர நுரைக்கவில்லை. எத்தனை சொட்டு விட்ட பிறகு நுரை நிலைத்து நிற்கிறதோ அதுதான் தண்ணீரின் கடினத்தன்மைக்குக் கணக்கு என்றார். இந்தச் சோப்புச் சோதனையை 1841-இல் ஸ்காட்லாந்துக்காரர் தாமஸ் கிளார்க் கொண்டுவந்தார். பிறகு பிரான்சில் பூத்ரோன், பூதே என்ற இருவர் அதற்கென்று அளவு போட்ட குப்பியும் குழாயும் செய்து எளிதாக்கினார்கள்.

நல்ல குடிநீருக்கு இலக்கணம் என்ன என்று பரீட்சையில் கேள்வி வரும். நிறம், மணம் இருக்கக் கூடாது. சோப்பு அதில் கட்டி கட்டாமல் கரைய வேண்டும். பருப்பு வகைகள் நன்றாக வேக வேண்டும். இதை நான் பிரெஞ்சில் ஒரு எழுத்துப் பிழை இல்லாமல் எழுதி முழு மதிப்பெண் வாங்கியவன். ஆனால் ‘ஓ த்யூர்’ என்பது எனக்கு நோட்டுப் புத்தகத்தில் இருந்த தண்ணீர். எங்கள் வீட்டு அடி பம்பில் வந்தது ‘உப்புத் தண்ணி’. இரண்டும் ஒன்று என்று எனக்கு உறைக்கவே இல்லை. படித்தது ஒரு மொழியில், சாப்பிட்டது வேறு மொழியில்.

ஆபீசிலும் எனக்கு ஒரு வாய்ப்பு வந்தது. சில வருடங்கள் நான் பார்த்த பிரிவுக்குத் தண்ணீர்ப் பரிசோதனைத் தாள்கள் வரும். ‘மொத்தக் கடினத்தன்மை, கால்சியம் கார்பனேட்டாக’ என்று அதில் ஒரு கட்டம். நான் வரிசை எண் போட்டு, பதிவேட்டில் ஏற்றி, கோப்பில் சேர்ப்பேன். கால்சியம் கார்பனேட்டாக என்றால் என்ன என்று ஒருநாளும் யாரையும் கேட்டதில்லை. கோப்பு நகர்ந்தால் போதும் என்ற உத்தியோகம்.

வருடங்கள் ஓடின. பிரஷர் குக்கர் வந்தது. பருப்புச் சண்டை ஓய்ந்தது. தெருவுக்கு முனிசிபல் குழாயும் வந்தது. 1994-இல் அம்மா காலமானார்கள். நான் 2010-இல் ஓய்வு பெற்றேன். அடுத்த வருடம் நானும் மனைவியும் பாரீசுக்குப் பக்கத்தில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போனோம். மாப்பிள்ளை அந்த நாட்டுக் குடியுரிமை உள்ள புதுச்சேரிக் குடும்பம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மகள் மின்சாரக் கெட்டிலுக்குள் வெள்ளை வினிகரை ஊற்றிக் காய்ச்சிக்கொண்டிருந்தாள். அடியில் கெட்டியாகப் படிந்திருந்த வெள்ளைப் பொருக்கு பொங்கி, நுரைத்து, கரைந்தது. "என்னம்மா அது?" என்றேன். "கல்கேர் பா. இங்க தண்ணில கல்கேர் ஜாஸ்தி. மாசம் ஒரு தடவை இப்படிச் செய்யலேன்னா கெட்டில் போயிடும்" என்றாள். தண்ணீர்க் கட்டணச் சீட்டோடு வந்த தாளையும் எடுத்துக் காட்டினாள். வருடா வருடம் தண்ணீரின் தரத்தைச் சொல்லி வீட்டுக்கு அனுப்பும் தாள் அது. ‘த்யூர்தே’ என்ற வார்த்தைக்கு எதிரே 28 டிகிரி என்று போட்டிருந்தது. ஐம்பது வருடத்துக்கு முன்னால் முசே கரும்பலகையில் எழுதிய அதே வார்த்தை.

பக்கத்தில் நின்ற என் மனைவி கெட்டிலுக்குள் எட்டிப் பார்த்து, "நம்ம அண்டாவுல பிடிக்குமே, அதேதான்" என்றாள். சாதாரணமாகத்தான் சொன்னாள். எனக்கு மட்டும் நெஞ்சில் ஏதோ இடித்தது.

ஊர் திரும்பியதும் முதல் வேலையாக இரண்டு சுத்தமான பாட்டில்களில் தண்ணீர் பிடித்து ஒரு பரிசோதனைச் சாலைக்குக் கொண்டுபோனேன். ஒன்று எங்கள் போர் தண்ணீர், மற்றது முனிசிபல் குழாய்த் தண்ணீர். அங்கே இருந்த பெண் பொறுமைசாலி. கிழவன் கேட்கிறானே என்று செய்தே காட்டினார். தண்ணீரில் ஒரு சாயம் விட்டார். ஒயின் மாதிரிச் சிவந்தது. மேலிருந்த கண்ணாடிக் குழாயிலிருந்து வேறொரு திரவத்தைச் சொட்ட விட்டார். ஒரு கட்டத்தில் சிவப்பு போய்ப் பளிச்சென்று நீலமானது. எவ்வளவு திரவம் செலவானது என்பதை வைத்துக் கணக்குப் போட்டார். சோப்புக்குப் பதில் இப்போது இந்த முறை. தத்துவம் ஒன்றுதான்.

போர் தண்ணீர்: லிட்டருக்கு 460 மில்லிகிராம். குழாய்த் தண்ணீர்: 140.

நான் கோப்பில் சேர்த்தும் புரிந்துகொள்ளாத அந்தக் கட்டத்தின் பொருளை அன்றைக்குத்தான் கேட்டேன். தண்ணீரைக் கடினமாக்குவது முக்கியமாகக் கால்சியமும் மக்னீசியமும். இரண்டும் வெவ்வேறு எடை உள்ளவை. தனித்தனியாகச் சொன்னால் ஒப்பிட முடியாது. அதனால் எல்லாவற்றையும் கால்சியம் கார்பனேட்டாக, அதாவது நம் சுண்ணாம்புக்கல்லாக, இருந்தால் எவ்வளவு எடை என்று மாற்றிச் சொல்கிறார்கள். பல நாட்டுப் பணத்தையும் ரூபாயாக மாற்றி எண்ணுவது மாதிரி. பிரெஞ்சு டிகிரி வேண்டுமானால் இந்த எண்ணைப் பத்தால் வகுத்தால் போதும். என் போர் 46 டிகிரி, குழாய் 14 டிகிரி, மகள் வீடு 28 டிகிரி. பாரீஸ் பக்கத்துத் தண்ணீரைவிட எங்கள் அடி பம்புத் தண்ணீர் அவ்வளவு கடினம்.

நம் நாட்டுக் குடிநீருக்கான ஐ.எஸ். 10500 தர அளவில் 200 வரை நல்லது, வேறு தண்ணீர் கிடைக்காத இடத்தில் 600 வரை போகலாம் என்று இருக்கிறது. அப்படிப் பார்த்தால் என் போர் தண்ணீர் விஷம் அல்ல. கால்சியமும் மக்னீசியமும் உடம்புக்குத் தேவையானவைதான். உலக சுகாதார நிறுவனம் உடல்நலத்தை முன்னிட்டுக் கடினத்தன்மைக்கு உச்சவரம்பு எதுவும் வைக்கவில்லை. ஆளைக் கெடுக்காத தண்ணீர்தான். பருப்பைத்தான் கெடுத்தது. பருப்பின் அணுக்களை ஒட்டிவைத்திருக்கும் பெக்டின் என்ற பசையோடு கால்சியம் சேர்ந்தால் அந்தப் பசை இறுகிப்போகும், கரையாது. எவ்வளவு கொதித்தாலும் பருப்பு பிரியாது. ஒரு சிட்டிகை ஆப்ப சோடா போட்டால் வேகிறதே, அது இந்தப் பிடியைத் தளர்த்துவதால்தான்.

அன்று இரவு சாப்பாட்டு மேசையில் அந்தத் தாளை மனைவியிடம் கொடுத்தேன். எண்களை விளக்கினேன். பிறகு எப்படியோ சொல்லிவிட்டேன். "அன்னிக்கு உன் மேல தப்பு இல்ல. தண்ணிதான். நீ சொன்னே, நான் கேக்கல."

அவள் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "எனக்கு அப்பவே தெரியுமே" என்றாள்.

"எப்படி?"

"தெருமுனை தாண்டிப் பெரிய ரோட்டுல ஒரு முனிசிபல் குழாய் இருந்துதே, ஞாபகம் இருக்கா? விடியக்காலைல போய் ஒரு குடம் கொண்டாருவேன். குடிக்கன்னு நீங்க நெனச்சீங்க. குடிக்க இல்ல, பருப்புக்கு. அந்தத் தண்ணில போட்டா பூவா வெந்துடும். இடுப்பு வலி வந்த நாள்ல போகமாட்டேன். அன்னிக்குத்தான் அத்தை திட்டுவாங்க."

எனக்குப் பேச்சு வரவில்லை. பரிசோதனைச் சாலையும் சாயமும் இல்லாமல், ஒரு குடத்தையும் ஒரு பிடி பருப்பையும் வைத்து அவள் 1983-லேயே சோதனையை முடித்திருக்கிறாள். நான் முழு மதிப்பெண் வாங்கிய பாடம் அது.

"அம்மாகிட்ட சொல்லியிருக்கலாமே" என்றேன்.

"சொன்னேனே ஒருநாள். கூடம் கோணல்னாங்க." கொஞ்ச நேரம் கழித்து அவளே சொன்னாள். "ஆனா கடைசி மாசம், படுக்கையில இருந்தப்ப, நம்ம தெருவுக்குக் குழாய் வந்த பிறகுங்க, ‘நீ ரோட்டுலேர்ந்து கொண்டாருவியே, அந்தத் தண்ணி ஒரு வாய் குடு’ன்னு கேட்டாங்க. அப்ப தெரிஞ்சுது, அத்தைக்கும் தெரிஞ்சிருக்குன்னு. அது போதும் எனக்கு."

ஆகக் கடைசியாகத் தெரிந்துகொண்டவன் நான் ஒருவன்தான்.

அதற்குப் பிறகு எனக்கு ஒரு சந்தேகம் குடைந்தது. ஒரே ஊர், நாலு கிலோமீட்டர் தூரத்துக்குள் தண்ணீர் ஏன் இப்படி மாறுகிறது? ஓய்வு பெற்றவனுக்கு நேரத்துக்குப் பஞ்சமில்லை. படித்தும் கேட்டும் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

பாரதி பூங்கா நடுவில் இருக்கும் ஆயி மண்டபத்தை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். அரசு முத்திரையிலும் அதுதான் இருக்கிறது. தன் மாளிகையை இடித்துக் குளம் வெட்டிய ஆயி என்ற பெண்ணின் கதையையும் சிறுவயதில் கேட்டிருப்போம். மூன்றாம் நெப்போலியன் காலத்தில் முத்திரையர்பாளையத்திலிருந்து நகரத்துக்கு நல்ல தண்ணீர் கொண்டுவந்ததன் நினைவாக எழுந்த மண்டபம் அது. கடலோரத்தில் கிணறு வெட்டினால் கையெட்டும் ஆழத்தில் தண்ணீர் இருக்கும்போது, ஏன் மேற்கே அவ்வளவு தூரம் போனார்கள்? அந்தத் தண்ணீர் நல்ல தண்ணீர், இந்தத் தண்ணீர் உப்பு. அந்தக் காலத்து ஜனங்களுக்கு இது தெரிந்திருந்தது.

கோரிமேடு, லாஸ்பேட்டைப் பக்கம் செம்மண் மேடுகளைப் பார்த்திருப்பீர்கள். அதற்கடியில் இருப்பது கடலூர் மணற்கல். மணலில் சுண்ணாம்பு குறைவு. அதன் வழியாக ஊறி வரும் மழைநீர் பெரும்பாலும் மென்மையாகவே இருக்கும். வடமேற்கே சேதராப்பட்டு, கரசூர்ப் பக்கம் போனால் அடியில் பழைய கடல் படிவங்கள், சுண்ணாம்புக்கல். அங்கே ஊறும் நீர் சுண்ணாம்பைக் கரைத்துக்கொண்டு வரும். கடலோரத்தில் கதை வேறு. நாம் உறிஞ்ச உறிஞ்ச, நல்ல தண்ணீர் பின்வாங்கி, கடல் நீர் உள்ளே நுழைகிறது. கடல் நீரில் மக்னீசியம் அதிகம். அதன் கடினத்தன்மை 6,000-க்கு மேல். தொண்ணூற்றேழு குடம் நல்ல தண்ணீரில் மூன்று குடம் கடல் நீர் கலந்தாலே கடினத்தன்மை ஏறக்குறைய 190 கூடிவிடும். எங்கள் போர் தண்ணீர் கரித்ததற்கும், பருப்பு வேகாததற்கும் ஒரே காரணம் இதுதான் என்று நினைக்கிறேன்.

கடினத்திலும் இரண்டு வகை உண்டு. பைகார்பனேட்டால் வருவது தற்காலிகக் கடினம். கொதிக்க வைத்தால் சுண்ணாம்பாகப் படிந்துவிடும். அண்டாவிலும் கீசர் கம்பியிலும் வெள்ளையாகப் பிடிப்பது அதுதான். எலுமிச்சைச் சாறு விட்டால் பொங்கிக் கரையும். சல்பேட், குளோரைடால் வருவது நிரந்தரக் கடினம். அது எவ்வளவு காய்ச்சினாலும் போகாது. கடல் கலந்த தண்ணீரில் இந்த வகை நிறைய இருக்கும்.

இனி டை கட்டிய தம்பியிடம் திரும்புவோம்.

அவர் வைத்தது டி.டி.எஸ். மீட்டர். தண்ணீரில் மின்சாரம் எவ்வளவு பாய்கிறது என்பதை வைத்து, கரைந்திருக்கும் உப்புகள் மொத்தம் எவ்வளவு என்று அது உத்தேசமாகச் சொல்லும். அதில் கால்சியம் எவ்வளவு, சமையல் உப்பு எவ்வளவு என்று பிரித்துச் சொல்லத் தெரியாது. அதை வைத்து ‘ஹார்ட் வாட்டர்’ என்று சொல்வது, பையின் எடையைப் பார்த்து உள்ளே இருப்பது அரிசியா பருப்பா என்று சொல்வது மாதிரி. டி.டி.எஸ். 500 வரை நல்ல குடிநீர் என்பதும் அதே ஐ.எஸ். அளவில்தான் இருக்கிறது. என் குழாய்த் தண்ணீர் 310.

தம்பி அடுத்த வித்தையைத் தொடங்கினார். இரண்டு டம்ளர். ஒன்றில் எங்கள் தண்ணீர், மற்றதில் அவர் கொண்டுவந்த ஆர்.ஓ. தண்ணீர். இரும்புக் கம்பிகள் உள்ள ஒரு கருவியை இரண்டிலும் விட்டு மின்சாரம் கொடுத்தார். எங்கள் டம்ளர் ஒரு நிமிடத்தில் செம்பழுப்பாகி, சாக்கடை மாதிரி ஆனது. அவருடையது தெளிவாகவே இருந்தது. "பாத்தீங்களா சார், இவ்வளவு அழுக்கத்தான் தினமும் குடிக்கிறீங்க!"

என் மனைவி எழுந்து உள்ளே போனாள். உப்பு ஜாடியோடு வந்தாள். அவருடைய தெளிவான டம்ளரில் ஒரு சிட்டிகை போட்டுக் கலக்கினாள். "இப்ப வைங்க தம்பி" என்றாள். அவர் தயங்கினார். நான் வைக்கச் சொன்னேன். அந்த டம்ளரும் பழுப்பானது.

அழுக்கு தண்ணீரில் இல்லை. கம்பியின் இரும்புதான் மின்சாரத்தில் கரைந்து துருவாக வருகிறது. உப்புக் கரைந்த தண்ணீரில் மின்சாரம் ஓடும், ஆர்.ஓ. தண்ணீரில் அவ்வளவாக ஓடாது. வித்தை அவ்வளவுதான். இதை நான்தான் முன்பு ஒருமுறை அவளுக்குச் சொல்லியிருந்தேன். உப்பைப் போட வேண்டும் என்பது மட்டும் அவளுக்கே தோன்றியது.

தம்பி கோபித்துக்கொள்ளவில்லை. "எங்களுக்கு இப்படித்தான் சார் சொல்லிக்கொடுத்திருக்காங்க" என்றார். மாதம் இத்தனை விற்றால்தான் கமிஷன் என்றார். என் மனைவி அவருக்குக் காபி கொடுத்தாள். போகும்போது இன்னொன்றையும் சொல்லிப் பார்த்தார். வீடு முழுவதற்குமான சாஃப்ட்னர். போர் தண்ணீருக்கு அது வேண்டியதுதானே என்றார்.

அதையும் யோசித்துத்தான் வேண்டாம் என்றேன். சாஃப்ட்னர் கால்சியத்தைப் பிடித்துக்கொண்டு அதற்குப் பதில் சோடியத்தை விடும். கடினத்தன்மையில் 100 குறைத்தால் லிட்டருக்கு 46 மில்லிகிராம் சோடியம் ஏறும். என் போர் தண்ணீரை முழுதும் மென்மையாக்கினால் லிட்டருக்கு 210 மில்லிகிராம் வரை கூடும். இரண்டு லிட்டர் குடித்தால் 420. ஒரு நாளைக்கு மொத்தமே 2,000-க்குள் சோடியம் இருக்கட்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. என் மனைவிக்கு ரத்த அழுத்தம். ஊறுகாயை நிறுத்திவிட்டு அதைத் தண்ணீரில் கொடுப்பேனா? குளியலறைக்கும் துணிக்கும் கீசருக்கும் சாஃப்ட்னர் நல்ல உபகரணம்தான். குடிக்கும், சமைக்கும் குழாயில் அது வேண்டாம்.

கல் பிரச்சினைக்குப் பயப்படுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. சிறுநீரகத்தில் கல் வந்தவரிடம் மருத்துவர் முதலில் சொல்வது, நிறையத் தண்ணீர் குடியுங்கள் என்பதுதான். பயந்துபோய்த் தண்ணீரைக் குறைத்துவிடாதீர்கள்.

இதைப் படிக்கும் நீங்கள் உங்கள் வீட்டுத் தண்ணீரைச் செலவில்லாமல் பார்க்க ஒரு வழி சொல்கிறேன். ஒரே மாதிரியான இரண்டு சின்ன பாட்டில்கள். ஒன்றில் நேரடியாகப் பிடித்த மழைத் தண்ணீர் பாதி, மற்றதில் குழாய்த் தண்ணீர் பாதி. பழைய முறையில் எண்ணெயில் செய்த சோப்பைச் சீவி, மழைத் தண்ணீரில் கரைத்து வைத்துக்கொள்ளுங்கள். டிடர்ஜென்ட் கூடாது, அது கடின நீரிலும் நுரைக்கும். இரண்டிலும் சொட்டுச் சொட்டாகச் சம அளவு விட்டுக் குலுக்குங்கள். ஒன்று நுரைத்து மற்றது வெளுத்துத் திரிந்தால் விஷயம் தெரிந்துவிடும். பிறகு, இயந்திரம் வாங்குவதற்கு முன்னால், ஒருமுறை பரிசோதனைச் சாலையில் கொடுத்து எண்ணாகவும் வாங்கிக்கொள்ளுங்கள். போர் தண்ணீரையும் குழாய்த் தண்ணீரையும் தனித்தனியாகக் கொடுங்கள். சம்ப்பில் கலந்த பிறகு எடுத்தால் ஒன்றும் புரியாது.

எங்கள் வீட்டில் இப்போது போர் தண்ணீர் குளிக்க, கழுவ, செடிக்கு. முனிசிபல் தண்ணீர் தனித்தொட்டியில் பிடித்து, காய்ச்சிக் குடிக்கிறோம், சமைக்கிறோம். துவரம் பருப்பு பூவாக வேகிறது.

உங்கள் வீட்டில் பருப்பு வேகவில்லையா, தண்ணீரைச் சந்தேகப்படுங்கள். சமைக்கிறவரைச் சந்தேகப்படாதீர்கள். அவர் ஏற்கனவே ஒருமுறை காரணத்தைச் சொல்லியிருப்பார். யோசித்துப் பாருங்கள்.

எழுதி முடித்ததை மனைவிக்குப் படித்துக் காட்டினேன். எல்லாம் கேட்டுவிட்டு ஒரே ஒரு திருத்தம் சொன்னாள். "ஒரு குடம்னு எழுதியிருக்கீங்க. ரெண்டு குடம். இடுப்புல ஒண்ணு, கையில ஒண்ணு." திருத்தாமல் அப்படியே விட்டிருக்கிறேன். அவள் சொன்னதும் இங்கே இருக்கட்டும்.